மிதாவின் இரண்டாவது கேள்வி

போன வாரம் இந்த இடத்தில் நான் வரவில்லை. எனக்குப் பதிலாக ஒரு பிரஷர் குக்கர் விளம்பரம் வந்திருந்ததாம். "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்த வாசகர்களுக்கு நன்றி. "பக்கம் பளிச்சென்று இருந்தது" என்று எழுதிய அன்பருக்கும் நன்றி. அவரை அப்புறம் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

உடம்பு சரியில்லைதான். பித்தப்பையில் கல். இப்போது கல்லும் இல்லை, பையும் இல்லை. கொல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் உட்கார்ந்து, லோக்கல் டிரெய்ன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பயப்படாதீர்கள், ஆபரேஷன் கதை சொல்லப்போவதில்லை. அதை ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் உடனே தன் ஆபரேஷன் கதையை எடுத்துவிடுவார் – தழும்போடு. நான் சொல்ல வந்தது மிதாவைப் பற்றி. சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

யார் மிதா? நர்ஸ் இல்லை. டாக்டர் இல்லை. ஆளே இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் நோயாளிகளுக்காக வைத்திருக்கும் ஏஐ சாட்பாட். ஆபரேஷனுக்கு முன்னால் நமக்கு வரும் சந்தேகங்களையெல்லாம் போனில் டைப் அடித்துக் கேட்கலாம், அது பதில் சொல்லும். வங்காளம், இந்தி, இங்கிலீஷ்… தமிழும். கொல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரி என்னிடம் தமிழில் பேசுகிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் "சாயங்காலம் முடி சாப்பிட வா" என்று கூப்பிட, மிரண்டுபோனவள் நான். வங்காளத்தில் பொரிக்குப் பெயர் அது.

எங்கள் சர்ஜன் கெட்டிக்காரர். நல்லவரும்கூட. ஆனால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஸ்கேனைப் பார்த்தார், "எடுத்துவிடலாம்" என்றார், எழுந்தார். கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "எனி கொஸ்சின்ஸ்?" என்றார். கதவுப் பிடியில் கை வைத்திருப்பவரிடம் என்ன கேட்பது? "நத்திங் டாக்டர்" என்றேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொன்னார். ஏற்கெனவே என்னைத் துடிக்கத் துடிக்க எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இன்னொரு தடவை அந்த வலி வந்து, சீழ் பிடித்துவிட்டால் நிலைமை மோசமாகும். அதனால் அவர் வெளிநாடு போவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். கிடைத்தது அவர் கிளம்புவதற்கு முந்தின நாள். அதை விட்டால் ஒரு மாதம் கழித்துத்தான்.

ஒரு மாதம்! அந்த வலியை ஒரு தடவை பட்டவர்களுக்குத் தெரியும், அந்த நாளை எப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன் என்று.

சந்தேகங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரிசை கட்டின. மகள் மீரா என் போனில் மிதாவைத் திறந்து கொடுத்தாள். மீரா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வங்காளத்தில் தண்ணீர், டீ, சிகரெட் எல்லாவற்றையும் 'சாப்பிட'த்தான் செய்வார்கள். அதனால் இவள் தமிழிலும், "கீழ் ஃபிளாட் அங்கிள் சிகரெட் சாப்பிடறார்" என்பாள். "அம்மா, எனக்கே தமிழ் தகராறு. மெஷின் எப்படிப் பேசுதுன்னு நீயே பாரு" என்றாள்.

பார்த்தேன். முதலில், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போல 'தங்கள் பித்தப்பை அகற்று அறுவை சிகிச்சை குறித்து' என்று ஆரம்பித்தது. நான் விடுவேனா? 'இந்தாம்மா, வீட்டுத் தமிழில் சொல்லு' என்று டைப் அடித்தேன். உடனே இறங்கி வந்துவிட்டது.

அப்புறம் பிடித்தது பேச்சு… நிற்கவே இல்லை.

மயக்கத்தில் உளறுவேனா? (உளறினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், அவரவர் வேலையில் இருப்பார்கள்.) எடுத்த கல்லைக் கையில் கொடுப்பார்களா? (கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.) நகப்பூச்சு ஏன் கூடாது? (விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார்கள்.) பாதியில் முழித்துக்கொண்டால்? அதற்கு ஒரு பத்தி பதில், பொறுமையாக.

தாலி? அதை அந்த சர்ஜனிடம் எப்படிக் கேட்டிருப்பேன்? மிதாவிடம் கேட்டேன். ஆபரேஷனில் மின்சாரக் கருவிகள் பயன்படுத்துவதால் உலோகம் உடம்பில் இருந்தால் சுட்டுவிட வாய்ப்பு உண்டு, கழற்றுவதுதான் நல்லது என்றது. 'மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள்' என்றும் சொன்னது. மஞ்சள் கயிறு! எனக்குப் புல்லரித்துவிட்டது.

கடைசியில், யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். 'நான் பிழைத்து வந்துவிடுவேன்தானே?'

வீட்டில் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "வாயை மூடு, அச்சானியமா பேசாத" என்றுதான். மிதா அப்படிச் சொல்லவில்லை. 'இந்த ஆபரேஷன் மிகவும் பாதுகாப்பானது, பெரும்பாலோர் சீக்கிரமே வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நூற்றுக்கு நூறு என்று நான் உறுதி சொன்னால் அது பொய். இந்தப் பயம் உங்களுக்கு இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லட்டுமா?' என்றது.

'சொல்லு' என்று போட்டுவிட்டு அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் இடம் கிடைத்த நிம்மதியில்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை, பிறந்தது திருநெல்வேலி. ரூல் புத்தகத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார். "மெஷின்ட்ட என்னத்துக்கு இவ்வளவு பேச்சு வசந்தி? அதுல போட்டிருக்கிறதை மட்டும் படி, அது போதும்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவுக்கென்று மிதாவில் போட்டிருந்தது இதுதான்: நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ண வேண்டாம். தெளிந்த திரவங்களை மட்டும் காலை ஆறு மணி வரை அருந்தலாம்.

இருவரும் படித்தோம். இருவருக்கும் புரிந்தது. அல்லது, புரிந்ததாக நினைத்தோம்.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் ஆபரேஷனே என்னுடையதுதான். வரவேற்பில் நர்ஸ் ஒருத்தி, "கிச்சு கேயேச்சென்?" என்றாள். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அர்த்தம்.

"நா" என்றேன். வங்காளத்தில் 'இல்லை'. சத்தியமாக, மனதறிந்து, இல்லை.

உள்ளே பச்சை கவுனை மாட்டிவிட்டார்கள். போனை வாங்கி வைப்பதற்கு முன்னால் மிதாவின் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் போடச் சொன்னார்கள். கட்டிலில் நான், பக்கத்தில் ஸ்டூலில் இவர்.

முதல் கேள்வி: நேற்று நள்ளிரவுக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா?

இல்லை.

இரண்டாவது கேள்வி: காபி குடித்தீர்களா? பால் கலந்ததா?

விரல் அப்படியே நின்றுவிட்டது.

குடித்திருந்தேன். விடியும்போது. எங்கள் வீட்டில் காலைக் காபி இவர் டிபார்ட்மெண்ட். அன்றைக்கும் வழக்கம்போல டிகாஷன் இறக்கி, பாலைக் காய்ச்சி, நுரை ததும்ப டம்ளரை நீட்டினார். "ஆறு மணிக்குள்ள குடிச்சிரு" என்று ரூலை வேறு ஞாபகப்படுத்தினார். நானும் குடித்தேன். ருசித்துக் குடித்தேன். அத்தனை கேள்வி கேட்டவளுக்கு இதை மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை. காபியில் என்ன கேள்வி இருக்கிறது?

"ஏங்க… இது காபியைக் கேக்குதே."

இவர் எட்டிப் பார்த்தார். "தெளிஞ்ச திரவம்னுதானே போட்டிருந்தது? டிகாஷன் தெளிஞ்சுதானே இருந்தது?"

"பால்?"

"ரெண்டு கரண்டிப் பால் ஒரு சாப்பாடா? இல்லைன்னு போட்டுரு."

"பொய்யில்ல அது?"

"நர்ஸ்ட்ட இல்லைன்னுட்டே. இப்ப மெஷின்ட்ட ஆமான்னு சொன்னா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? இன்னைக்கு விட்டா அந்த மனுஷன் ஃபிளைட் ஏறிருவாரு. திரும்பவும் அந்த வலி வந்தா உன்னைத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இல்ல, வசந்தி." கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

எனக்கும் அதே கணக்குதான் மனதுக்குள் ஓடியது. ஒரு 'இல்லை' போட்டால் இன்றைக்கு முடிந்துவிடும். 'ஆமாம்' போட்டால் ஒரு மாதம். யாரிடம் பொய் சொல்கிறேன்? மனுஷரிடமா? மெஷினிடம்தானே?

ஆனால் அதனிடம் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது – எதையும் கேட்டுவிடும் பழக்கம். அந்த நர்ஸிடம் கேட்டிருக்கவே மாட்டேன். மிதாவிடம் கேட்டேன்: 'ஏன் கேட்கிறாய்? காபி குடித்திருந்தால் என்ன ஆகும்?'

பதில் வந்தது. 'பால் வயிற்றில் போனதும் திரிந்து கெட்டியாகிவிடும். ஜீரணமாகச் சாப்பாட்டைப் போலவே நேரம் எடுக்கும். மயக்கத்தில் இருக்கும்போது அது மேலே வந்து மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. குடித்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.'

இவர் என் தோளுக்கு மேலாகப் படித்தார். மறுபடியும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தார்.

"ஆமான்னு போடு" என்றார்.

போட்டேன். பால், சர்க்கரை, டம்ளர் அளவு, குடித்த நேரம் எல்லாவற்றையும் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். 'இனிமேல் தண்ணீரும் வேண்டாம். மயக்க மருந்து டாக்டருக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். ஆபரேஷன் இன்றைக்கா என்பதை அவர்தான் முடிவு செய்வார். சொன்னதற்கு நன்றி' என்றது.

அப்புறம் காத்திருந்தோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு வலி வேறு லேசாக ஆரம்பிப்பது போல ஒரு பிரமை. ஒரு மாதம் எப்படித் தள்ளுவது, எதை விட்டு எதைச் சாப்பிடுவது என்று மனது ஓடிக்கொண்டிருந்தது.

திரை விலகியது. மயக்க மருந்து டாக்டர் – பெயர் சுதேஷ்ணா, நாற்பது வயதிருக்கும், கலகலப்பான பெண். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார்.

"ஃபில்டர் காபியா?" என்றார், இங்கிலீஷும் வங்காளமும் கலந்து.

தலையாட்டினேன்.

"சர்ஜன்கிட்ட பேசிட்டேன். உங்களை மத்தியானத்துக்குத் தள்ளியிருக்கோம். மத்தியானம் இருந்த ஆளை முன்னாடி எடுத்தாச்சு. சர்ஜன் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கிட்டார். பரவாயில்லை, இன்னிக்கே ஆயிடும்."

இன்னிக்கே! எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கவுனின் முடிச்சு முதுகுப் பக்கம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இவர் எழுந்து நின்றார். "டாக்டர், நான்தான் கலந்து கொடுத்தேன். அவ மேல தப்பு இல்ல. அது சாப்பாட்டுல சேரும்னு எனக்குத் தெரியாது" என்றார், ஆபீஸ் இங்கிலீஷில். விசாரணையில் நிற்பவரைப் போல இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"உங்க ஆளுங்க யாருக்குமே தெரியாது" என்று டாக்டர் சிரித்தார். "போன வருஷம் ஒரு தமிழ்க்காரர். அருமையான மனுஷர். நான் கேட்டேன், நர்ஸ் கேட்டாங்க, எல்லாருக்கும் 'நா'. டேபிள்ல படுக்க வெச்சு ஊசியைக் கையில எடுத்துட்டேன். அப்ப சொல்றார், 'காலையில காபி நல்லா இல்ல டாக்டர், அதான் தலை வலிக்குது'ன்னு. எனக்கு உயிரே போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே மிதாவை நடத்துறவங்ககிட்ட சொல்லி, தமிழ்ல மட்டும் காபியைத் தனியாக் கேக்க வெச்சேன். மெஷினுக்கு இதெல்லாம் தானாத் தெரியாது. நாமதான் சொல்லணும்."

"தமிழ்ல மட்டுமா?" என்றேன்.

"வங்காளத்துல முடியைக் கேக்கும். எங்க ஆளுங்க ஒரு கிண்ணம் முடி தின்னுட்டு 'ஒண்ணுமே சாப்பிடல'ம்பாங்க. மார்வாரிக் குடும்பம்னா பாலும் பழமும். விரதத்துலயே அனுமதி உண்டே, ஆபரேஷனுக்கு ஏன் கூடாதும்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒண்ணு கணக்குல வராது."

எவ்வளவு உண்மை! யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடுங்க" என்றுதான் உபசரிக்கிறோம். அதே ஆளிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். காபியைச் சேர்த்துக்கொண்டா பதில் சொல்வார்? ரத்தப் பரிசோதனைக்கு 'வெறும் வயிற்றில்' போகும் நம்மில் எத்தனை பேர் வயிற்றில் காபி இருக்கிறது? நாம் பொய் சொல்வதில்லை. நம் பாஷை நமக்காகச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர். அதைத்தான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். "என் முகத்தைப் பாத்து எல்லாரும் நான் எதிர்பாக்கிற பதிலைச் சொல்றாங்க. மிதாவுக்கு முகம் இல்ல. அதனால உண்மையைச் சொல்றாங்க. அது மிச்சப்படுத்திக் குடுக்கிற நேரத்துலதான் நான் இப்படி உட்கார முடியுது." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, "பிழைச்சு வருவீங்களான்னு கேட்டீங்களாமே. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார்.

மெஷின் வந்தால் மனுஷர்கள் விலகிப் போய்விடுவார்கள் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறேன். எனக்கு நடந்தது நேர்மாறாக இருக்கிறதே, என்ன செய்ய? மிதாவிடம் சொன்ன பயம், ஒரு மனுஷியைக் கட்டில் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மெஷின் தப்பாகச் சொல்லவும் கூடும், கேட்டுத் திருத்த ஒரு சுதேஷ்ணா வேண்டும். அதெல்லாம் தெரியும். இருந்தாலும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

மத்தியானம் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். சாயங்கால வெளிச்சம். வயிற்றில் யாரோ அம்மிக் குழவியை வைத்துவிட்டுப் போனது போல ஒரு பாரம். பக்கத்தில் இவர், காலையில் பார்த்த அதே கசங்கிய சட்டையோடு.

"வலிக்கா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம், மயக்கம் தெளிவதற்கு முன்னாலேயே அது வாயில் வந்து நின்றது. என்னமோ அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.

"ஆமாங்க. ரொம்ப வலிக்கு."

பதறிப்போய் எழுந்து, நர்ஸுக்கு மணியை அழுத்தினார். அழுத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப இத்தனை வருஷமா 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொன்னதெல்லாம்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்க மருந்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது.